நாலு மணிக்குக் கை மாறும் கடிகாரம்

ஹேங்கரில் ஒரு வெள்ளைச் சட்டையை மாட்டி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, மின்விசிறியை மூன்றில் வைக்கிறார் மாடி வீட்டுப் பணிப்பெண். சட்டை ஆடத் தொடங்குகிறது. கூடத்து மூலையில் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் கேமரா, எது அசைந்தாலும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பும் ரகம். அது மெல்லத் திரும்பிச் சட்டையைப் பார்க்கிறது. "பாத்துக்கிட்டே இருங்க மூத்தவரே, நல்ல சட்டை" என்று அதனிடம் சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைத் தட்டுகிறார். "ஐயா, வாங்க. அவரு சட்டையைப் பாத்துக்கிட்டு இருக்காரு." இடுப்பில் துண்டோடு ஒரு பெரியவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கூடத்தைக் கடக்கிறார். எட்டடி தூரம்தான். படுக்கையறைக் கதவைச் சாத்திய பிறகே மின்விசிறி நிற்கும்.

இந்த வித்தையை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேமராவைத் துணி போட்டு மூடினால் வெளியூரில் இருக்கும் மூத்த மகனின் கைபேசிக்கு 'பார்வை மறைக்கப்பட்டது' என்று செய்தி போய்விடும். அடுத்த நிமிடமே அவர் அழைப்பார். சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாலும் அதே கதைதான். ஒருநாள் துவைத்த துணியை எடுத்துப் போகும்போது, கேமரா தன்னை விட்டுவிட்டுக் கொடியில் ஆடிய சட்டையின் பின்னால் போவதைப் பார்த்திருக்கிறார். "அதுக்கு ஏதாச்சும் அசையணும் தங்கச்சி, அவ்வளவுதான். ஆளா சட்டையான்னு அதுக்குக் கவலையில்ல" என்று என்னிடம் சொன்னார்.

நான் அவர் வேலை செய்யும் வீட்டுக்கு நேர் கீழ் வீடு. வீட்டில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்குப் பிழை திருத்துகிறவள். காலை ஆறரை மணிக்கு என் தலைக்கு மேல் ரப்பர் செருப்புச் சத்தம் ஆரம்பித்தால், இரவுப் பணிப்பெண் வந்து பொறுப்பேற்கும் ஏழு மணிவரை ஓயாது. கூடம், சமையலறை, பால்கனி, மறுபடி கூடம். டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார். அவருடைய பொறுப்பில் இருக்கும் பெரியவர் அவருக்கு வைத்த பெயர் பம்பரம். அந்தப் பெயர் மாடி இறங்கி, எங்கள் குடியிருப்பின் காவலாளிவரைக்கும் போய்விட்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. "சாட்டை யார் கையில இருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்பார்.

வயது ஐம்பத்திரண்டு. ஒல்லி, ஆனால் தன்னைவிட இருபது கிலோ கூடுதலான மனிதரைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு ஒரே சுற்றில் மாற்றிவிடுவார். இடுப்பில் எப்போதும் ஒரு ஈரத்துணி செருகியிருக்கும். பெரிய போர்வையை மோவாயால் பிடித்துக்கொண்டு தனியாளாக மடிப்பார். குளிக்கும் தண்ணீரின் சூட்டை முழங்கையால்தான் பார்ப்பார். பதினேழு ஆண்டுகளாக ஒரு ஏஜென்சி மூலம் வீடு வீடாகப் போய் முடியாதவர்களைப் பார்த்துக்கொள்கிறார்.

அவருடைய தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. யாரையும் சொல்லாமல் தொடமாட்டார். "முதுகுக்கு வர்றேன் ஐயா", "இப்ப வலது கால்" என்று ரயில் நிலைய அறிவிப்புபோல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். உடம்பு துடைக்கும்போது ஒரு பாதியைத் துண்டால் மூடித்தான் மறு பாதியைத் திறப்பார். "இத்தனை வருஷத்துல நான் ஒருத்தரையும் முழுசாப் பாத்ததில்ல தங்கச்சி. பாதி பாதியாத்தான் பாத்திருக்கேன். முழுசாப் பாத்தா அப்புறம் அவங்க நம்ம முகத்தைப் பாக்க மாட்டாங்க."

பெரியவர் முப்பத்தாறு ஆண்டு நில அளவைத் துறையில் இருந்தவர். ஊரார் வரப்பையெல்லாம் சங்கிலி போட்டு அளந்தவரை இப்போது வீட்டார் அளக்கிறார்கள். போன ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து நாலு மணி நேரம் யாருக்கும் தெரியாமல் கிடந்தார். அந்த நாலு மணி நேரம் வெளியூர்ப் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்திவிட்டது. அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகச் சாமான்கள் வந்து இறங்கின. மூத்த மகன் கேமரா வாங்கினார். மகள் கைக்கடிகாரம் வாங்கினாள். நாடித்துடிப்பு, நடந்த அடிகள், இருக்கும் இடம் எல்லாவற்றையும் அது சொல்லும். மருமகன், படுக்கை விரிப்புக்கு அடியில் போடும் ஒரு மெத்தைத் தாள் வாங்கினார். ஈரம் பட்டால் அது சொல்லும். குளியலறைக் கதவில் ஒரு பொத்தான் ஒட்டப்பட்டது. கடிகாரம் பக்கத்தில் வந்தால், 'உள்ளே போனார், வெளியே வந்தார்' என்று அது சொல்லும்.

நம் பம்பரம் இவற்றுக்கு வாங்கிக்கொடுத்தவர்களின் பெயரையே வைத்துவிட்டார். கேமராவுக்கு 'மூத்தவர்'. மகளை வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவதால் கடிகாரம் 'பாப்பா'. மெத்தைத் தாள் 'மாப்பிள்ளை'. "மாப்பிள்ளை இன்னிக்குக் காலையிலேயே நனைஞ்சுட்டாரு" என்று அவர் மாடிப்படியில் என்னிடம் சொல்லும்போது நானும் சிரித்திருக்கிறேன்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஏனென்றால் அந்தச் செய்தி அவர் சொல்வதற்கு முன்பே எனக்கு வந்திருக்கும். மருமகனின் தம்பி கெட்டிக்காரர். எல்லாச் சாமான்களையும் ஒன்றோடொன்று கோத்து, அவை சொல்வதெல்லாம் ஒரே குடும்பக் குழுவில் போய் விழும்படி செய்துகொடுத்தார். குழுவில் பதினொரு பேர். மூத்த மகன், அவர் மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், மகள், மருமகன், அந்தக் கெட்டிக்காரத் தம்பி, ஏஜென்சி மேற்பார்வையாளர், மருத்துவமனை உதவியாளர், நம் பம்பரம், அவசரத்துக்குக் கூப்பிட வசதியாகக் கீழ் வீட்டுக்காரியான நான். நான் ஏதோ ஒரு கட்டுரையில் ஒற்றைக்கொம்பைச் சரிசெய்துகொண்டிருப்பேன். மேசையில் கைபேசி அதிரும். 'அப்பா: படுக்கை ஈரம். காலை 6.50.' ஊர் ஊராக நடந்து நிலம் அளந்த ஒரு மனிதரின் ஈரம் என் மேசைமேல் வந்து விழும்.

குழுவிலிருந்து விலகிவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. விலகினால் 'இவர் வெளியேறினார்' என்று மற்ற பத்துப் பேருக்கும் தெரியும், மரியாதையாக இருக்காதே என்று ஒலியை மட்டும் அணைத்துவிட்டு உள்ளேயே இருந்தேன். என்னைத்தான் சொல்லவேண்டும்.

பெரியவருக்கு இது தெரியாது. பணிப்பெண்ணுக்கு மட்டும்தான் செய்தி வரும், உடனே விரிப்பை மாற்றத்தான் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் காணொளியில் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது மருமகன், நல்ல மனிதர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம், "என்ன மாமா, நேத்து ரெண்டு ரவுண்டா?" என்று கேட்டுவிட்டார். திரையில் எல்லாக் கட்டங்களிலும் சிரிப்பு. பெரியவரும் சிரித்தார். அழைப்பு முடிந்ததும் பம்பரத்தைக் கூப்பிட்டார்.

"உனக்கு மட்டும்தானே வருது?"

"இல்லிங்கய்யா. பதினொரு பேருக்கு வருது."

"யார் யாரு?"

அவர் விரல் விட்டுச் சொன்னார். பேரப்பிள்ளைகளின் பெயர் வந்தபோது பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "சின்னதுங்களுக்குமா?"

"ஆமாங்கய்யா."

 மறுநாளிலிருந்து பெரியவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். மாத்திரை விழுங்க ஒரு வாய், அவ்வளவுதான். உதடு வெடித்தது. சிறுநீர் போகும்போது எரிகிறது என்று பல்லைக் கடித்தார். எட்டாம் நாள் காய்ச்சல். மருத்துவர் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குழுவில் பத்துப் பேரும் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். அடுத்த வாரமே, குடித்த மடக்கையெல்லாம் எண்ணிச் சொல்லும் பாட்டில் ஒன்று பார்சலில் வந்து இறங்கியது. பம்பரம் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். "இதுக்கு நான் பேரே வைக்க மாட்டேன்" என்று அதைச் சமையலறைப் பரண்மேல் தூக்கிப் போட்டார்.

அவர் கேட்டுப் பார்க்காமல் இல்லை. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். "அது குடும்ப விஷயம், நீ உன் வேலையைப் பாரும்மா" என்று பதில் வந்தது. மூத்த மகனிடமும் சொன்னார். "பாதுகாப்புக்குத்தான் அக்கா. பதினொரு பேர்ல ஒருத்தராவது எப்பவும் பாத்துக்கிட்டு இருப்பாங்கல்ல" என்றார் அவர். அவர் பயம் அவருக்கு. அந்த நாலு மணி நேரத்தை அவரால் மறக்க முடியவில்லை. அதையும் நான் இங்கே எழுதத்தான் வேண்டும்.

அப்போதுதான் பம்பரம் தனக்கே உரிய ஒரு வேலை செய்தார். மாலை நாலு மணி. பால்கனியில், எதையும் சொல்லத் தெரியாத ஒரு சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியவரை உட்காரவைத்தார். அவர் மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினார். கழற்றிக் கீழே வைத்தால் 'கடிகாரம் கழற்றப்பட்டது' என்று பதினொரு பேருக்கும் போய்விடும். ஆகவே அரை நிமிடத்துக்குள் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். பெரியவருக்கு நாலாவது துளை, அவருக்கு இரண்டாவது. ஒரு சொம்புத் தண்ணீரையும் டம்ளரையும் பக்கத்தில் வைத்தார்.

"நாலுலேருந்து அஞ்சுவரைக்கும் உங்களை யாரும் எண்ண மாட்டாங்க ஐயா. குடிங்க. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு எத்தனை தடவை வேணும்னாலும் போய்ட்டு வாங்க. கதவு வாயைத் திறக்காது."

பெரியவர் டம்ளரைப் பார்த்தார், அவர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மூன்று டம்ளர் மடமடவென்று குடித்தாராம். "மாடு குடிக்கிற மாதிரி குடிச்சாரு தங்கச்சி. எனக்கு அழுகை வந்துடுச்சு." அந்த ஒரு மணி நேரத்தில் பம்பரம் மட்டும் குளியலறைப் பக்கம் போகக்கூடாது. போனால் கதவு, பெரியவர் போனதாகச் சொல்லிவிடும். அடக்கிக்கொண்டு நிற்க அவரால் முடியாது. நின்றால்தான் முட்டும். எனவே நடந்தார். துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு இரண்டு தளம் ஏறுவார், இறங்குவார், மறந்த கிளிப்புக்காக மறுபடி ஏறுவார். கடிகாரம் எல்லாவற்றையும் எண்ணி அனுப்பியது.

குழுவில் திருவிழாதான். 'அப்பா இன்று 2,300 அடிகள்!' பேத்தி ஆடும் கரடிப் பொம்மையை அனுப்பினாள். மருமகன் கைதட்டினார். மூத்த மகன், "அப்பா, பெருமையா இருக்கு" என்று எழுதினார். பம்பரம் அதைப் படித்துக் காட்டியபோது பெரியவர் பால்கனியில் காலை நீட்டியபடி, "நான் எங்கயோ நடந்துகிட்டு இருக்கேனாம்ல பம்பரம். நல்லாத்தான் இருக்கு" என்றாராம். அஞ்சு மணிக்குக் கடிகாரத்தின் வாரை ஈரத்துணியால் துடைத்து, அவர் கையில் கட்டிவிடுவார். மூன்று மாதம் இப்படிப் போயிற்று. உதடு ஆறியது, எரிச்சல் போனது, முகத்தில் களை வந்தது.

ஒரு வியாழக்கிழமை காலையில் என் வீட்டு மணி அடித்தது. பம்பரம் கையில் ஒரு மாத்திரைப் பெட்டியும் ஒரு தாளும். மருத்துவமனையிலிருந்து பார்சலில் வந்ததாம். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. உள்ளே வாருங்கள் என்றேன். வராமல் வாசலில் இரண்டடி இப்படியும் இரண்டடி அப்படியும் நடந்துகொண்டே, "என்ன எழுதியிருக்கு, சட்டுனு சொல்லுங்க, அடுப்புல பால் இருக்கு" என்றார்.

படித்தேன். கடிகாரம் அனுப்பிய நாடித்துடிப்பில் ஏழு வாரமாக ஒழுங்கில்லாத துடிப்பு தெரிகிறது. ரத்தம் உறையாமல் இருக்க நாளை முதல் காலை உணவுக்குப் பின் ஒரு மாத்திரை. அடுத்த புதன்கிழமை நேரில் வந்து பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கீழே சின்னதாக ஒரு வரைபடம். நேரத்தையும் போட்டிருந்தார்கள். வாசித்தேன். "நாலு பத்து. நாலு இருபத்தைந்து. நாலு முப்பத்தெட்டு. மறுநாள் நாலு பதினைந்து..."

செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் தன் இடது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றும் இல்லை. கடிகாரம் மேலே பெரியவர் கையில் இருந்தது.

"மறுபடி படிங்க" என்றார்.

மறுபடி படித்தேன். ஒரு நாள்கூட நாலு மணிக்கு முன்னால் இல்லை, அஞ்சு மணிக்குப் பின்னால் இல்லை.

"மாடி ஏறும்போது உள்ள ஒரு கோழி சிறகடிச்சுட்டு அடங்கும் தங்கச்சி" என்றார் மெதுவாக. "வயசாச்சு, படிக்கட்டு வேறன்னு விட்டுட்டேன்." உடனே அவருக்கு வேறொன்று ஞாபகம் வந்து குரல் உயர்ந்துவிட்டது. "ஐயாவுக்குப் போன வருஷம் குடல்ல ரத்தம் கசிஞ்சுதே! இந்த மாத்திரையை அவருக்குக் கொடுக்கவே கூடாதே!" அந்தச் சிகிச்சையின் சீட்டெல்லாம் வேறொரு மருத்துவமனையுடையவை. அலமாரியில் பழைய கோப்பில் இருந்தன. கடிகாரத்துக்கு வாய் உண்டு, அலமாரிக்கு இல்லை. இந்த மருத்துவர் கண்ணில் அவை படவே இல்லை.

எனக்கு உடனே தோன்றியது கோழைத்தனமான யோசனை. தினம் ஒரு மாத்திரையைக் கழுவுதொட்டியில் போட்டுவிட்டுக் கொடுத்ததாகச் சொல்லிவிடலாமே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அப்புறம்? மருந்து கேக்கலைன்னு இன்னும் பெரிசா ஒண்ணு அனுப்புவாங்க. படுக்கவச்சு ஊசி குத்துவாங்க. என் நெஞ்சுக்கு அவரைக் குத்துவாங்களா?"

சரி, குழுவில் உண்மையை எழுதிவிடுகிறேன் என்று கைபேசியை எடுத்தேன். பாய்ந்து என் கையைப் பிடித்தார். "குரூப்புல வேண்டாம். அதுல ஏஜென்சிக்காரர் இருக்காரு." இதயக் கோளாறு இருந்தால் ஆளைத் தூக்கும் வேலைக்கு அனுப்பமாட்டார்கள். முதுகுவலி என்று ஒருநாள் விடுப்புக் கேட்ட தோழி ஒருத்தியின் பெயர் பட்டியலிலிருந்து போனது போனதுதான். பம்பரத்தின் மகள் கல்லூரியில் கடைசி வருஷம். வீட்டில் சம்பாதிக்கும் கை இவருடையது மட்டும். பெரியவரின் ஈரம் போன அதே வழியில் இவருடைய நெஞ்சும் பதினொரு பேரிடம் போய் உட்கார்ந்திருந்தது. பெரியவர் பெயரில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

என் கையை விட்டுவிட்டு, "நீங்களும் அதுல இருக்கீங்கல்ல?" என்று கேட்டார். குத்திக்காட்டிக் கேட்கவில்லை. சும்மா, ஆள் எண்ணுகிறவர்போலத்தான் கேட்டார். நான் கைபேசியைக் கவிழ்த்துக்கொண்டேன்.

முதலில் மேலே போய்ப் பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.  அவர், "பையன்கிட்டச் சொல்லிடு. என் ஒரு மணி நேரம் போனாப் போகுது. நீ போய் டாக்டரைப் பாரு" என்றாராம். என்னிடம் அதைச் சொல்லும்போது பம்பரம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மூத்த மகனைத் தனியாக அழைத்தது மொட்டை மாடியிலிருந்துதான். கொடியில் விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. நான் துணைக்கு நின்றேன். கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு, விரிப்புகளுக்கு நடுவே நடந்தபடியே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

முதலில் கத்தல்தான். "மூணு மாசமா எங்களை ஏமாத்தியிருக்கீங்க! அந்த அடியெல்லாம் பாத்து நாங்க எவ்வளவு சந்தோஷப்பட்டோம் தெரியுமா? என் பொண்ணு ஸ்கூல்லல்லாம் சொல்லிட்டு இருக்கா!"

"தப்புதான் சார்."

"மாத்திரை குடுத்துட்டீங்களா?"

"கொடுக்கல சார். கொடுக்க மாட்டேன்."

 "எதுக்குக்கா இப்படிப் பண்ணீங்க?" என்ற குரலில் இப்போது கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது.

"ஐயா தண்ணி குடிக்கணும்ல சார். நீங்க காலையில எழுந்ததும் உங்க விரிப்பை உங்க மச்சானுக்கும் பிள்ளைங்களுக்கும் காட்டிட்டுத்தான் பல்லு விளக்கணும்னா, நீங்க தண்ணி குடிப்பீங்களா?"

அந்தப் பக்கத்தில் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர், "நான் இதை ஏஜென்சிக்குச் சொல்லித்தான் ஆகணும். மறைக்க முடியாது" என்றார்.

பம்பரம் நடையை நிறுத்தினார். "சொல்லுங்க சார். வாட்ச்சை நான் கட்டிக்கிட்டேன், அது உங்க விஷயம். தாராளமாச் சொல்லுங்க. அதுல தெரிஞ்சது என் நெஞ்சு. அது என் விஷயம். அதை யார்கிட்டயும் சொல்லாதீங்க."

மூத்த மகன் அழைப்பைத் துண்டித்துவிட்டார். அடுத்த இரண்டு நாள் பம்பரம் நடந்த நடையில் என் வீட்டு மேற்கூரை இறங்கிவிடும் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் என் கைபேசியில் ஒரு வரி வந்தது: 'நீங்கள் இந்தக் குழுவிலிருந்து நீக்கப்பட்டீர்கள்.' ஓரிடத்திலிருந்து என்னை நீக்கியதற்காக நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. மூத்த மகனின் புது ஏற்பாட்டில், மெத்தைத் தாள் சொல்வது இனி பம்பரத்துக்கு மட்டும் வரும். நாலிலிருந்து அஞ்சுவரை பெரியவர் கடிகாரத்தைக் கழற்றி வைக்கலாம். அந்தச் செய்தி மூத்த மகனுக்கு மட்டும் போகும். "வந்தா வரட்டும், நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கேமரா மட்டும் இருக்கும். அதில் அவர் இறங்கி வரவில்லை.

பழைய பதிவுகளில் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் அழிக்க முடியுமா என்று கடிகார நிறுவனத்தில் மூத்த மகன் கேட்டாராம். முடியாது, அழித்தால் மூன்று மாதத்தையும் சேர்த்துத்தான் அழிக்க வேண்டும் என்றார்களாம். அழித்துவிட்டார். மருத்துவமனையிலும் பேசி, கடிகாரம் தவறான கையில் இருந்தது என்று மட்டும் சொல்லி, மாத்திரையை நிறுத்தவைத்து, அந்த வரைபடத்தையும் எடுக்கவைத்துவிட்டார். கை யாருடையது என்று அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஏஜென்சிக்குச் சொன்னார். கடிகாரத்தை மட்டும் சொன்னார். மேற்பார்வையாளர் பம்பரத்தை நிற்கவைத்து ஒரு மணி நேரம் வறுத்தெடுத்து, ஒரு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்று அனுப்பிவைத்தார். பெரியவர், அவருக்குப் பதிலாக வந்த தற்காலிகப் பணிப்பெண்ணிடம், "பம்பரம் எப்ப வரும்?" என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு வாரத்தில்தான் பம்பரத்தை இதய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். ஏஜென்சிக்குத் தெரிந்துவிடாதபடி ஊரின் மறுகோடியில் ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தோம். கூடம் நிறைய ஆட்கள். நாற்காலிகளுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே அவர் உலாத்திக்கொண்டிருந்தார். கிளிப் வைத்த அட்டையில் செருகிய படிவம் ஒன்றை உதவியாளர் என்னிடம் நீட்டினார். வழக்கம்போல நான்தான் எழுதப்போகிறேன் என்று நானாகவே நினைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தேன். முகவரி எழுதினேன். வயது எழுதினேன். அடுத்த கேள்வியைப் படித்தேன். வேலை தருபவர் பெயரும், அறிக்கையை யாருக்கெல்லாம் அனுப்பவேண்டும் என்பதும். அதற்குக் கீழே நாலு கோடுகள்.

"வேலை செய்யிற இடத்தோட நம்பரைப் போட்டுட்டா ரிப்போர்ட் தானாப் போயிடும்மா" என்றார் உதவியாளர்.

நான் தலையை உயர்த்தி, பம்பரம் இருந்த தூரத்துக்குக் கேட்கும்படி, "அக்கா, இதுல யார் பேரைப் போடட்டும்?" என்று கேட்டேன். கூடத்தில் நாலைந்து தலைகள் திரும்பின.

அவர் வந்து, "கொடுங்க, நானே எழுதிக்கிறேன்" என்று என் கையிலிருந்து அட்டையையும் பேனாவையும் வாங்கிக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அட்டையை முழங்காலில் சாய்த்து, இடது உள்ளங்கையைக் குவித்துத் தாளை மூடிக்கொண்டு, எழுத ஆரம்பித்தார்.